இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் வேலைப் பங்கீடு: பட்டியல் போட்டும் ஏன் பழையபடி ஆகிறது?

நெய்தல்:
ஆணும் பெண்ணும் சம்பாதிக்கும் வீடுகளில் வெளிவேலை வேகமாக மாறிவிட்டது, வீட்டுவேலை அந்த வேகத்தில் மாறவில்லை. இதைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் கேட்க வருவது நடைமுறை. ஒரு தம்பதி உட்கார்ந்து பேசுகிறார்கள், வேலைகளைத் தாளில் எழுதி ஆளுக்குப் பாதி பிரிக்கிறார்கள். சில வாரங்களில் அந்தத் தாள் சுவரில் இருக்கிறது, வேலை மட்டும் பழைய ஆளிடமே திரும்பிவிடுகிறது. இது எந்த இடத்தில் உடைகிறது? முதலில் யார் எவ்வளவு செய்கிறார்கள் என்று சரியாக அளப்பது எப்படி? குழந்தை பிறந்ததும் எல்லாம் சாய்ந்துபோவது ஏன்? பொதுவான அறிவுரை வேண்டாம். இந்தத் துறையில் இருப்பவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.

கணியன்:
அளப்பதைப் பற்றி நான் சொல்கிறேன்.

"வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வீட்டுவேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டு வரும் பதிலை நம்பவே கூடாது. கணவனையும் மனைவியையும் தனித்தனியாக அவரவர் பங்கைக் கேட்டு இரண்டு விழுக்காட்டையும் கூட்டினால் பெரும்பாலும் நூறைத் தாண்டும். 1979-இல் ராஸ், சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைக் காட்டினார்கள். யாரும் பொய் சொல்வதில்லை. தான் செய்தது நினைவில் நிற்கிறது, மற்றவர் செய்தது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகளில் டைரி வைக்கிறார்கள். ஐரோப்பிய முறையில் ஒரு நாளைப் பத்துப் பத்து நிமிடக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். வீட்டில் செய்ய 15 நிமிடக் கட்டம் போதும், ஒரு நாளைக்கு 96 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: முக்கியமாகச் செய்தது என்ன, கூடவே செய்தது என்ன, பக்கத்தில் யார் இருந்தார்கள். ஏழு நாள் தொடர்ந்து எழுதுங்கள். வாரநாள் மட்டும் எழுதினால் ஆண்களின் பங்கு குறைத்துக் காட்டும், வார இறுதி மட்டும் எழுதினால் கூட்டிக் காட்டும். மதியம் ஒருமுறை, தூங்கும் முன் ஒருமுறை நிரப்பிவிட வேண்டும். மறுநாள் காலை நினைவிலிருந்து எழுதுவது வீண்.

"கூடவே செய்தது" என்ற பத்தியை யாரும் விட்டுவிடாதீர்கள். சமைத்துக்கொண்டே குழந்தையைப் பார்ப்பது, துணி மடித்துக்கொண்டே பாடம் சொல்லித் தருவது எல்லாம் அங்கேதான் பிடிபடும். அந்தப் பத்தி இல்லாத கணக்கில் குழந்தைப் பராமரிப்பின் பெரும்பகுதி காணாமல் போய்விடும்.

எது வேலை, எது ஓய்வு என்று சண்டை வந்தால் பொருளியலாளர் மார்கரெட் ரீட் 1934-இல் சொன்ன சோதனையை வைத்துப் பாருங்கள். அந்தக் காரியத்தை மூன்றாம் ஆள் ஒருவரிடம் கூலிக்குக் கொடுக்க முடியுமா? முடிந்தால் அது வேலை. பாத்திரம் கழுவுவதைக் கொடுக்கலாம், உடற்பயிற்சியைக் கொடுக்க முடியாது.

கடைசியாகக் கூட்டும்போது வீட்டுவேலையை மட்டும் ஒப்பிட வேண்டாம். சம்பள வேலை, போய்வரும் பயணம், வீட்டுவேலை மூன்றையும் கூட்டி ஒப்பிடுங்கள். இன்னொரு எண்ணும் வேண்டும்: அந்த வாரத்தில் இடையூறில்லாமல் ஒரே மூச்சாகக் கிடைத்த ஓய்வு அதிகபட்சம் எத்தனை நிமிடம்? மொத்த ஓய்வு இருவருக்கும் சமமாக இருக்கும், ஆனால் ஒருவருக்கு அது பதினைந்து பதினைந்து நிமிடத் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும். களைப்பு அங்கிருந்துதான் வருகிறது.

உலக அளவில் ஒப்பிட்டுப் பார்க்க: பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கைப்படி சம்பளமில்லாத பராமரிப்பு வேலையில் பெண்கள் நாளுக்குச் சராசரி 4 மணி 25 நிமிடம், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். மொத்த நேரத்தில் 76.2% பெண்களுடையது.

தாழம்பூ:
கணியன் சார் சொன்ன டைரி அவசியம்தான். ஆனால் பங்கீடு உடையும் இடம் டைரியில் தெரியாது. அது தலைக்குள் ஓடும் வேலை.

அலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019-இல் 35 தம்பதிகளிடம் பேசி இதை நான்கு கட்டமாகப் பிரித்தார். தேவை வரப்போகிறது என்று முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடிப் பார்ப்பது, முடிவெடுப்பது, முடிவு நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும் கட்டத்தில் இருவரும் கிட்டத்தட்டச் சேர்ந்தே இருக்கிறார்கள். முதல் கட்டமும் கடைசிக் கட்டமும்தான் பெரும்பாலும் பெண்ணிடம் இருக்கின்றன. "எல்லாவற்றையும் சேர்ந்துதான் முடிவு செய்கிறோம்" என்று ஆண் சொல்வது உண்மையாகவே இருக்கும். அந்த முடிவு மேசைக்கு வருவதற்கு முன் நடந்த வேலை அவர் கண்ணில் படவில்லை.

தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் "தடுப்பூசி: அப்பா" என்று ஒரு வரி இருக்கும். உள்ளே இருப்பது இது: அடுத்த தவணை எப்போது என்று தெரிந்திருப்பது, அன்று குழந்தைக்கு உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, முன்பதிவு, அலுவலகத்தில் நேரம் கேட்பது, அட்டையை எடுத்து வைப்பது, கூட்டிப்போவது, அன்றிரவு காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பது, அட்டையில் பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்ப்பது, அடுத்த தேதியைக் குறிப்பது. அப்பா கூட்டிப்போய் வந்தார், மற்ற எட்டும் அம்மாவிடம் இருந்தன என்றால் கைமாறியது ஒன்பதில் ஒன்று. பட்டியல் சில வாரங்களில் விழுவதற்குக் காரணம் இதுதான். செய்யும் கை மாறியது, நினைவூட்டும் ஆள் மாறவில்லை. நினைவூட்டி நினைவூட்டிச் சலித்துப்போன ஒரு நாளில் அவரே எழுந்து செய்துவிடுகிறார்.

முகில்72:
இதில் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. யாருக்கு எது நன்றாக வருமோ அதை அவர் செய்வதுதானே சிக்கனம்? கேரி பெக்கர் குடும்பப் பொருளாதாரத்தில் சொன்னது அதுதான். இரண்டு பேரும் எல்லாவற்றையும் பாதிப் பாதி கற்றுக்கொள்வதைவிட, ஒருவர் ஒன்றில் தேர்ந்தால் மொத்த நேரம் மிச்சம்.

இன்னொன்று. வண்டி, மின்சாரம், குழாய், வரி, காப்பீடு, வங்கி என்று ஆண்கள் பார்க்கும் வேலைகளுக்கும் இதே ஒன்பது கட்டம் உண்டு. இந்த மாதிரி விவாதங்களில் அவை விடுபட்டுப்போகின்றன.

கணியன்:
முகில், இரண்டாவது விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ரீட்டின் சோதனைப்படி வண்டி பழுது பார்ப்பதும் வரிக்கணக்கும் வேலைதான், டைரியில் கண்டிப்பாக வர வேண்டும். ஆனால் பங்கீட்டில் நிமிடத்தோடு நேரக்கட்டையும் பார்க்க வேண்டும். குழாயை இன்று மாலையும் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். வரிக்கணக்குக்கு ஆண்டில் ஒரு கடைசித் தேதி. குழந்தையின் பசிக்கும் பள்ளி விடும் நேரத்துக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் தள்ளிப்போடுதலே கிடையாது, அவை நாள்தோறும் வரும். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் தள்ளிப்போடக்கூடிய வேலை செய்பவர் அலுவலகத்தில் "இன்று கொஞ்சம் இருக்க முடியுமா?" என்ற கேள்விக்குச் சரி சொல்லலாம். அதே ஐந்து மணி நேரம் கட்டுண்ட வேலை செய்பவர் சொல்ல முடியாது. 2023-இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் கிளாடியா கோல்டின் ஆண் பெண் ஊதிய இடைவெளியை விளக்குவது இந்த இடத்தில்தான். எந்நேரமும் கிடைக்கும் ஆளுக்குச் சில தொழில்கள் மணிக்கணக்குக்கு மீறிய சம்பளம் தருகின்றன. வீட்டில் ஒருவர் அப்படிக் கிடைக்க வேண்டுமானால் மற்றவர் கட்டுண்டு இருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே வேலைகளை இரண்டு பத்தியாக எழுதுங்கள், நேரம் கட்டியவை ஒன்று, தள்ளிப்போடக்கூடியவை ஒன்று. இரண்டையும் தனித்தனியாகப் பிரியுங்கள். ஒன்றுக்கு இன்னொன்றை ஈடு வைக்க வேண்டாம்.

பெக்கரின் சிக்கனக் கணக்கு அந்த இணை கடைசிவரை அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டால் மட்டும் பொருந்தும். வேலை போனால், நோய் வந்தால், பிரிவோ மரணமோ வந்தால் இருவரில் ஒருவருக்குச் சம்பாதிக்கத் தெரியாது, மற்றவருக்கு வீட்டை நடத்தத் தெரியாது. தேர்ச்சி என்பதும் பெரும்பாலும் செய்து செய்து வருவது. முதலில் யார் கையில் விழுந்ததோ அவர் தேறுகிறார், பிறகு தேறியவர் என்பதாலேயே அவர் கையில் நிற்கிறது.

கருவி வந்தால் சரியாகிவிடும் என்பாரும் உண்டு. ஜோன் வானெக் 1974-இல் அமெரிக்கக் கணக்குகளை ஒப்பிட்டார். சம்பள வேலைக்குப் போகாத பெண்கள் 1920-களில் வாரம் சுமார் 52 மணி நேரம் வீட்டுவேலை செய்தார்கள், 1960-களில் சுமார் 55. துவைக்கும் இயந்திரம் வந்ததும் துணி அடிக்கடி துவைக்கப்பட்டது, சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்தது.

நெய்தல்:
தாழம்பூ மேடம், அந்த ஒன்பதையும் சேர்த்துக் கைமாற்றுவது எப்படி? "இனி நீங்கள் பாருங்கள்" என்றால் நடக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

தாழம்பூ:
நடக்காது, உண்மை. கைமாற்றுவதற்கு ஒரு முறை வேண்டும்.

ஒரு வேலையை, முன்கூட்டி உணர்வதிலிருந்து கண்காணிப்பது வரை எல்லாப் படிகளோடும் சேர்த்து, ஒரு சங்கிலி என்று வைத்துக்கொள்வோம். முதல் தவணையில் இரண்டு அல்லது மூன்று சங்கிலிகள் போதும். பத்தை ஒரே நாளில் மாற்றும் வீடுகளில் பத்தும் திரும்பி வரும். அந்த மூன்றில் ஒன்றாவது நாள்தோறும் வரும் நேரம் கட்டிய வேலையாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை வருவதை மட்டும் கொடுத்தால் பழக்கம் ஏறாது.

கைமாற்றும் முன் அரை மணி நேரம் உட்கார்ந்து அந்த வேலையின் குறைந்தபட்சத் தரத்தை எழுதிக்கொள்ள வேண்டும். மிகச் சிறந்த தரம் வேண்டாம், குறைந்தபட்சம் எழுதினால் போதும். "ஞாயிறு இரவுக்குள் ஐந்து நாள் பள்ளி உடுப்பும் துவைத்து உலர்ந்து அலமாரியில் இருக்க வேண்டும்." இதை யாரும் சரிபார்க்க முடியும். "துணி ஒழுங்காக இருக்க வேண்டும்" என்பதைச் சரிபார்க்க முடியாது, அது சண்டைக்குத்தான் வழி. இஸ்திரி போட வேண்டுமா, எப்படி மடிப்பது என்பதெல்லாம் எடுத்துக்கொண்டவரின் விருப்பம்.

பிறகு இரண்டு வாரம் சேர்ந்து செய்யுங்கள். முதல் வாரம் பழைய ஆள் செய்ய, புதிய ஆள் பார்த்துக் குறிப்பெடுக்கட்டும். இரண்டாம் வாரம் மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து பழைய ஆள் அந்த வேலையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது, கேட்டால் மட்டும் பதில்.

சிக்கல் மூன்றாம் வாரத்தில்தான் வரும், இரண்டு பக்கத்திலிருந்தும் வரும்.

கொடுத்தவர் பக்கம்: வேலை தாமதமாகிறது, கை துறுதுறுக்கிறது, தானே செய்துவிடுகிறார். அல்லது செய்து முடித்ததை மறுபடி செய்கிறார். பார்ப்பவர்கள் தன்னைத்தான் குறை சொல்வார்கள் என்ற பயம் இதற்குப் பின்னால் இருக்கிறது, அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. அழுக்குச் சட்டையோடு குழந்தை பள்ளிக்குப் போனால் ஊர் அப்பாவைக் கேட்பதில்லை. ஆனாலும் குழந்தையின் பாதுகாப்பு, மருந்து, கட்டணக் கடைசித் தேதி இந்த மூன்றைத் தவிர வேறெதிலும் குறுக்கிட வேண்டாம். தவறின் விளைவைச் சந்திக்காதவருக்கு முன்கூட்டி உணரும் பழக்கம் வரவே வராது.

எடுத்தவர் பக்கம்: ஒவ்வொரு அடியிலும் "இது எங்கே இருக்கு, அது எவ்வளவு போடணும்?" என்று கேட்பது. கேட்டால் பதில் வந்துவிடும், ஆக நினைவில் வைக்கும் வேலை பழைய இடத்திலேயே இருக்கிறது. ஒரே கேள்வி இரண்டாம் முறை வந்தால் பதில் தாளில் ஏற வேண்டும் என்று விதி வையுங்கள். வேண்டுமென்றே மோசமாகச் செய்து தப்பிப்பவர்களும் இருக்கிறார்கள். தரம் எழுத்தில் இருந்தால் அது அப்பட்டமாகத் தெரிந்துவிடும், அலுவலகத்தில் அவர் அப்படிச் செய்வதில்லை என்பதும் தெரிந்துவிடும்.

பலர் மறக்கும் ஒன்று வெளியுலகம். பள்ளி, மருத்துவமனை, பகல்நேரக் காப்பகம், வகுப்பு வாட்ஸ்அப் குழு எல்லாவற்றிலும் முதல் எண்ணாக அம்மாவின் எண் இருக்கும். சங்கிலி கைமாறிய அன்றே எண்ணை மாற்றுங்கள், குழுவில் பழைய ஆள் வெளியேறி புதிய ஆள் சேரட்டும். எண் மாறாவிட்டால் ஒவ்வொரு அழைப்பும் வேலையைப் பழைய கைக்கே கொண்டுபோகும்.

செவிலி:
நெய்தலின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். குழந்தை பிறந்த முதல் மூன்று மாதம்தான் முடிச்சு. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கொடுக்க வேண்டியிருக்கும். பால் கொடுப்பது அம்மாவால் மட்டும் முடியும் என்பதால் குளிப்பாட்டுவது, அழுகையின் காரணம் பிரிப்பது, தூங்க வைப்பது, மருத்துவரிடம் பேசுவது எல்லாம் அதோடு சேர்ந்து அவர் பக்கம் போய்விடுகின்றன. நாற்பது நாளில் ஒருவர் நிபுணர், மற்றவர் பார்வையாளர். அதற்குப் பிறகு பிரிப்பது கடினம்.

செய்ய வேண்டியது: பால் நீங்கலான எல்லாவற்றிலும் அப்பாவுக்கு முழுச் சங்கிலிகள் முதல் வாரத்திலிருந்தே. குளியல், ஏப்பம் விடுவித்தல், டயப்பர் மாற்றுவது, சிறுநீர் மலக் கணக்கு, எடைக் குறிப்பு. இரவை இரண்டாகப் பிரியுங்கள். ஒருவர் இரவு 9 முதல் 2 வரை, மற்றவர் 2 முதல் 7 வரை. அம்மாவின் தூக்க நேரத்தில் பால் வேண்டியிருந்தால் குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்து, பிறகு எடுத்துப்போய் ஏப்பம் விட்டுத் தூங்க வைப்பது அப்பா. தாய்ப்பால் கொடுப்பது நன்றாக நிலைப்பட்ட பிறகு, வழக்கமாகச் சில வாரங்கள் கழித்து, பிழிந்த பாலை அப்பா கொடுக்கலாம். 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் நான்கு மணி நேரம், ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வரை இருக்கும். உறைந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து உருக்கினால் முழுதும் உருகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. குழந்தை குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். ஒரு நேரம் பால் கொடுக்காமல் தூங்கும் அம்மா அதற்கு ஈடாகப் பிழிந்தெடுக்காவிட்டால் பால் கட்டும், சுரப்பும் குறையும். இதைச் சொல்லாமல் "நீ தூங்கு" என்று மட்டும் சொல்வது உதவாது.

பெண்ணுக்குத்தான் இயல்பாக வரும் என்பதைப் பற்றி ஒரு வரி. பிலிப்பைன்ஸில் இளைஞர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011-இல் வெளியான ஆய்வில், தந்தையானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது, குழந்தையோடு அதிக நேரம் இருந்தவர்களுக்கு இன்னும் குறைவாக இருந்தது. ஆண் உடலும் குழந்தை வளர்ப்புக்கு இசைந்து கொடுக்கிறது.

கூர்மதி:
மனிதவளத் துறையிலிருந்து. செவிலி சொன்னது நடக்க அப்பா வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு விடுப்பு வேண்டும், விடுப்பின் வடிவமும் சரியாக இருக்க வேண்டும்.

ஸ்வீடன் 1974-லேயே தாய் விடுப்பைப் பெற்றோர் விடுப்பாக மாற்றியது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆண்கள் எடுத்தது ஒன்றுமேயில்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. நாட்களை அம்மாவுக்கே மாற்றிக் கொடுத்தார்கள். நார்வே 1993-இல் நான்கு வாரத்தை அப்பாவுக்கு என்றே ஒதுக்கியது, அவர் எடுக்காவிட்டால் அந்த நாட்கள் போய்விடும். சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான அப்பாக்கள் எடுக்கத் தொடங்கினார்கள். ஸ்வீடன் 1995-இல் ஒரு மாதம் ஒதுக்கியது, 2002-இல் இரண்டு, 2016-இல் மூன்று. ஐஸ்லாந்தில் 2021 முதல் ஆளுக்கு ஆறு மாதம், அதில் ஆறு வாரம் மட்டும் மாற்றிக் கொடுக்கலாம்.

ஒதுக்கினால் மட்டும் போதாது என்பதற்கு ஜப்பான். சட்டத்தில் ஆண்களுக்கு நீண்ட விடுப்பு இருந்தும் 2012-இல் எடுத்தவர்கள் 2%-க்கும் கீழ். 2022 முதல், குழந்தை பிறக்கப்போகிறது என்று சொல்லும் ஊழியரிடம் நிறுவனமே விடுப்பைப் பற்றி விளக்கி, எடுக்கிறாரா என்று கேட்டாக வேண்டும் என்று விதி வந்தது. 2023-இல் 30% ஆனது. கேட்டு வாங்கும் நிலையில் ஆண் தயங்குகிறான், மேலாளர் முதலில் கேட்டால் தயக்கம் குறைகிறது.

நிறுவனங்களில் நான் வற்புறுத்துவது: விடுப்புக்கு எட்டு வாரம் முன்பே மாற்று ஆள் யார் என்று எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சக ஊழியர் மேல் சுமை விழும், அடுத்தவர் கேட்கப் பயப்படுவார். விடுப்பு ஆண்டின் மதிப்பீட்டை வேலை செய்த மாதங்களை வைத்து மட்டும் போட வேண்டும். மீட்டிங்குகள் காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் இடையில் இருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி. "அம்மாக்களுக்கு மட்டும்" நெகிழ்வு கொடுக்கும் நிறுவனம் அம்மாக்களின் பதவி உயர்வை அடைத்துவிடுகிறது.

வீடுகளுக்கு ஒன்று. விடுப்பை இரண்டாக உடையுங்கள். முதல் பகுதி பிரசவத்தோடு. இரண்டாம் பகுதி, அம்மா வேலைக்குத் திரும்பிய பிறகு அப்பா தனியாக. அந்தத் தனி வாரங்களில்தான் முன்கூட்டி உணர்வது அவருக்கு வருகிறது, கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. டென்மார்க்கில் முதல் குழந்தைக்குப் பிறகு பெண்ணின் வருமானம் ஆணை ஒப்பிட நீண்ட காலத்துக்குச் சுமார் 20% கீழே நிற்கிறது என்று 2019-இல் வந்த ஆய்வு சொல்கிறது. அவ்வளவு வசதியுள்ள நாட்டிலும் அப்படி.

முகில்72:
நேரக்கட்டு விளக்கத்தை ஏற்கிறேன், அது எனக்குப் புதிது. ஆனால் ஷிப்ட் வேலை, பன்னிரண்டு மணி நேர வேலை, மாதக்கணக்கில் வெளியே தங்கும் வேலை செய்பவர்களுக்கு என்ன வழி? ஆள் வைத்துக்கொள்ளும் வீடுகளில் இந்தக் கேள்வியே வராதே?

தாழம்பூ:
ஷிப்ட் ஆட்களுக்கு நாள்வாரியாகப் பிரிப்பது பொருந்தாது. சுழற்சி வாரியாகப் பிரியுங்கள். பகல் ஷிப்ட் வாரத்தில் இரவுச் சங்கிலிகள், இரவு ஷிப்ட் வாரத்தில் பள்ளி விடும் நேரச் சங்கிலிகள், அட்டவணை வந்த அன்றே எழுதிவிட வேண்டும். வெளியே தங்குபவர் தூரத்திலிருந்து செய்யக்கூடிய முழுச் சங்கிலிகளை எடுக்கலாம்: முன்பதிவுகள், கட்டணங்கள், பள்ளிக் கடிதங்களுக்குப் பதில், மாதப் பொருட்கள் தீர்வதைக் கணித்து வரவழைப்பது. வீடு திரும்பும்போது முதல் இரண்டு நாள் தூங்கட்டும், மூன்றாம் நாளிலிருந்து நேரம் கட்டிய வேலைகள் அவருடையவை.

கணியன்:
ஆள் வைத்தால் செய்யும் பகுதி மட்டும் வெளியே போகிறது. வேலை சொல்வது, வராத நாளுக்கு மாற்று ஏற்பாடு, சம்பளம் எல்லாம் வீட்டுக்குள் ஒருவர் தலையில்தான். அந்த நிர்வாகமும் ஒரு சங்கிலி, அதையும் பிரிக்க வேண்டும். வேலைக்கு வருபவரும் பெரும்பாலும் பெண்தான், அவர் வீட்டிலும் இதே கணக்கு ஓடுகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வீட்டுப் பணியாளர்களுக்கான 2011-ஆம் ஆண்டு 189-ஆவது ஒப்பந்தம் வாரத்துக்குத் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வைக் குறைந்தபட்சமாக வைக்கிறது, வேலை விதிமுறைகள் முடிந்தவரை எழுத்தில் இருக்கச் சொல்கிறது. நம் சுமை குறைய இன்னொரு பெண்ணின் சுமையை விதியில்லாமல் கூட்டுவதை நான் பங்கீடு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நெய்தல்:
எல்லோருக்கும் நன்றி. கடைசியாக, வீட்டில் மகனும் மகளும் இருந்தால்?

தாழம்பூ:
5 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகள் அதே வயதுப் பையன்களைவிட வீட்டுவேலையில் 40% அதிக நேரம் செலவிடுகிறார்கள் என்று யுனிசெஃப் 2016-இல் சொன்னது. ஆகவே இங்கேயும் டைரியை ஒரு வாரம் வையுங்கள், பெற்றோர் ஊகத்தை நம்ப வேண்டாம். வேலைகளை மாதம் ஒருமுறை சுழற்றுங்கள். வாரம் ஒருமுறை சுழற்றினால் யாரும் எதிலும் தேறுவதில்லை, "இது அவள் வாரம்" என்ற சாக்கும் வரும். பத்து வயதுக்கு மேல் ஆளுக்கு ஒரு முழுச் சங்கிலி கொடுக்கலாம். குளியலறைச் சோப்பும் பற்பசையும் தீரும் முன்பே கவனித்துப் பட்டியலில் ஏற்றுவது, வாங்கிவந்ததை எடுத்துவைப்பது அந்த வயதுக்குச் சரியான அளவு. தீர்ந்துபோய்விட்டால் நீங்கள் ஓடிப்போய் நிரப்ப வேண்டாம். பையன் மறந்தாலும் பெண் மறந்தாலும் ஒரே மாதிரி விடுங்கள்.